ஆட்டுக்கல்லும் சிற்பமே: கொச்சியில் கண்டதும் நம் தீவில் காணத் தவறியதும்

சிற்பம் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது எது? கருவறையில் எண்ணெய்ப் பளபளப்போடு நிற்கும் மூலவர். மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்பவர். அதை விட்டால் நாற்சந்தியில் பீடத்தின்மேல் கை நீட்டி நிற்கும் தலைவர். இவற்றைத் தவிர வேறொன்றும் சிற்பமாக இருக்க முடியும் என்று நான் எண்ணியதே இல்லை. கலையைப் பற்றிக் கட்டுரை எழுதும் தகுதி எனக்கு உண்டென்றும் எண்ணியதில்லை. லம்பா லைனில் வளர்ந்து, அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஆயினும் கொச்சியில் நான் கண்ட சில காட்சிகளையும், அவற்றால் என் வீட்டில் நேர்ந்த ஒன்றையும் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று பல நாளாக ஆசை. அதன் விளைவே இக்கட்டுரை.

கொச்சிக்குப் போன கதை

2013-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். எர்ணாகுளத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். நம் தீவிலிருந்து போகிறவர்களுக்கு மெயின்லேண்டில் நாலு நாள் கழிந்ததும் கை கால் ஓடாது. என் நிலையைப் பார்த்த தங்கை, "அண்ணே, கோட்டைக் கொச்சியில ஏதோ பெரிய கண்காட்சி நடக்குதாம். வெளிநாட்டுக்காரங்கள்லாம் வந்திருக்காங்களாம். போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள். படகில் போக வேண்டும் என்றதும் எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஜெட்டியும் படகும் கண்டால் தீவுக்காரனுக்குச் சொந்த ஊர் போலத்தானே!

அந்தக் கண்காட்சிக்குக் 'கொச்சி முசிறிஸ் பினாலே' என்று பெயர். பினாலே என்பது இத்தாலியச் சொல். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடப்பது என்று பொருள். இத்தாலியின் வெனிஸ் நகரில் 1895-ஆம் ஆண்டு தொடங்கிய கலைக் கண்காட்சியே இவ்வகைக்கு முன்னோடி. அந்த மாதிரியில் நம் நாட்டில் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று கேரளத்தில் பிறந்து மும்பையில் பணியாற்றிய இரு கலைஞர்கள், போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு ஆகியோர் முனைந்தனர். 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், அதாவது பன்னிரண்டு பன்னிரண்டு பன்னிரண்டில், முதல் கண்காட்சி தொடங்கியது. பெயரில் உள்ள முசிறிஸ், நம் சங்க இலக்கியம் போற்றும் முசிறித் துறைமுகம்தான். தமிழர்க்கு அந்தப் பெயரைக் கேட்டதும் ஓர் ஒட்டுதல் ஏற்படுவது இயல்பு.

கண்காட்சியை நடத்தப் புதிய மண்டபம் எதுவும் கட்டவில்லை. கடற்கரையோரத்தில் இருந்த பழைய கிட்டங்கிகளையும் பங்களாக்களையுமே பயன்படுத்தினார்கள். அவற்றுள் முதன்மையானது ஆஸ்பின்வால் ஹவுஸ். 1867-ல் ஆங்கில வணிகர் ஒருவர் தொடங்கிய நிறுவனத்தின் இடம் அது. மிளகும் தேங்காய் எண்ணெயும் மரமும் அங்கிருந்து கப்பலேறின. மூட்டை சுமந்தவர்கள் ஒரு வாசல் வழியாகவும், கணக்குப் பார்த்தவர்கள் ஒரு வாசல் வழியாகவும் போய்வந்திருப்பார்கள் என்று எண்ணியபடியே உள்ளே நுழைந்தேன்.

நீரோரம் கிடந்த கற்கள்

சில அறைகளில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கம்பியும் துணியும் திரைப்படமுமாக ஏதேதோ இருந்தன. கடற்புறமாக இருந்த ஒரு பகுதிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். தரையெல்லாம் ஆட்டுக்கற்கள்! குழியோடு கூடிய கனத்த கற்கள். சுமார் 170 கற்கள் என்றார்கள். எவரும் செதுக்கி வைத்தவை அல்ல. பல ஆண்டுகள் மாவாட்டித் தேய்ந்த உண்மையான கற்கள்.

"இதையா காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்?" என்று அங்கிருந்த இளைஞரிடம் கேட்டேன். மலையாளமும் தமிழும் கலந்து அவர் பொறுமையாக விளக்கினார். பெங்களூரைச் சேர்ந்த ஷீலா கௌடா என்ற சிற்பியும், அவர் கணவரான சுவிட்சர்லாந்துக் கலைஞர் கிறிஸ்டோப் ஸ்டோர்ஸும் சேர்ந்து செய்த படைப்பு அது. அதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் 'இடையில் தங்கல்'. பெங்களூரில் பழைய வீடுகளை இடித்துப் புது வீடு கட்டும்போது, தரையில் பதித்திருந்த ஆட்டுக்கல்லைப் பெயர்த்துத் தெருவோரம் வைத்துவிடுகிறார்கள். மிக்சியும் கிரைண்டரும் வந்தபின் அதற்கு வேலை இல்லை. ஆனால் உடைக்கவும் மனம் வருவதில்லை. அது தெய்வத்துக்குச் சமானம். ஆகவே மரத்தடியிலோ சாலையோரத்திலோ அனாதையாகக் கிடக்கும். அந்தக் கற்களைச் சேகரித்து லாரியில் ஏற்றி, கடல் வணிகம் நடந்த அந்தத் துறைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்தது. காரணத்தைச் சொல்கிறேன்.

1971-ல் என் பெற்றோர் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து சென்னை வந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தார்கள். அப்பாவுக்கு மஸ்தூர் வேலை. மூன்று நாள் கடற்பயணத்துக்கு மற்றவர்கள் துணிமூட்டையும் அரிசியும் கட்டிக்கொண்டபோது, அம்மா சாக்கில் சுற்றி ஓர் ஆட்டுக்கல்லையும் கொண்டுவந்தார். துறைமுகத்துக் கூலியாட்கள் சிரித்தார்களாம். லம்பா லைனில் எங்களுக்குக் கிடைத்த ஒற்றை அறை வீட்டில் அந்தக் கல் ஒரு மூலையை எடுத்துக்கொண்டது. அதிலே மாவாட்டித்தான் அம்மா டீக்கடைகளுக்கு இட்லி கொடுத்தார். விடியற்காலை மூன்று மணிக்குக் குழவி உருளும் ஓசையில்தான் நாங்கள் வளர்ந்தோம்.

அம்மா காலமானபின் அந்தக் கல் கொல்லைப்புறக் குழாயடியில் துணி துவைக்கிற இடத்துக்குப் போயிற்று. நான் கொச்சிக்குப் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்புதான் வீட்டின் பின்சுவரை இடித்துக் கட்டினோம். "அப்பா, இந்தக் கல்லும் போகட்டுமா?" என்று மகன் கேட்டான். "போகட்டும்டா" என்றேன். இடிபாடுகளோடு டிப்பரில் ஏறி, எங்கோ பள்ளம் நிரப்பப் போய்விட்டது. சொன்னவன் நானேதான். வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

கொச்சிக் கடற்கரையில் யார் யார் வீட்டுக் கற்களையோ பார்த்தபடி நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டில் அப்பாவுக்குத் திண்ணை இருந்தது, கட்டில் இருந்தது. பிள்ளைகளுக்குப் படிக்க இடம் இருந்தது. அம்மாவுக்கு என்று இருந்த இடம் அந்தக் கல்லைச் சுற்றிய நான்கடிதான். யார் எங்கே உட்கார வேண்டும், எவ்வளவு இடம் எடுத்துக்கொள்ளலாம் என்பதை யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்துக்கு அதிகாரம் என்று பெயர். அதை எந்தப் புத்தகமும் எனக்கு அப்படிப் புரிய வைத்ததில்லை. செதுக்காத அந்தக் கற்கள் புரிய வைத்தன.

ஷீலா கௌடா இத்தகைய பொருள்களையே தேடி எடுப்பவர் என்று பின்னர் அறிந்தேன். சாலைப் பணியாளர்கள் தார் டிரம்களைத் தட்டித் தகடாக்கித் தங்கும் குடிசை அமைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அத்தகைய டிரம்களையும் தகடுகளையும் கொண்டு 2006-ல் 'இருட்டறை' என்ற ஒன்றை அவர் அமைத்தார். குனிந்து, தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால் கூரைத் தகட்டில் குத்திய துளைகள் வழியே வெளிச்சம் நட்சத்திரங்களாகத் தெரியும். எவ்வளவு பெரிய மனிதராயினும் அந்த வாசலில் குனிந்தே ஆக வேண்டும். 2009-ல் வெனிஸ் கண்காட்சியிலும் அவர் படைப்பு இடம்பெற்றது. மனிதத் தலைமுடியைத் திரித்த நீண்ட கயிறுகளால் கார்களின் இரும்புப் பம்பர்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கண் படாமல் இருக்க வண்டியில் முடிக்கயிறு கட்டும் வழக்கத்திலிருந்து பிறந்த எண்ணம் அது.

தரையில் ஒரு சுழல்

இரண்டாம் முறை, 2015 பிப்ரவரியில், தங்கை மகள் திருமணத்துக்குப் போனேன். அப்போது இரண்டாவது பினாலே நடந்துகொண்டிருந்தது. இந்த முறை யாரும் சொல்லாமல் நானே படகேறினேன்.

அதே ஆஸ்பின்வால் ஹவுஸில், கடலை ஒட்டிய ஓர் அறையில் ஒரே ஒரு படைப்பு. தரையில் வட்டமான பெரிய குழி. அதற்குள் கரிய நீர் இடைவிடாமல் சுழன்று சுழன்று நடுவே கீழிறங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒரு தடுப்பு. நீரின் இரைச்சல் நெஞ்சில் அதிர்ந்தது. மும்பையில் 1954-ல் பிறந்து இலண்டனில் வாழும் அனிஷ் கபூர் செய்தது. 'இறக்கம்' என்று பொருள்படும் பெயர். இவர் 1990-ல் வெனிஸ் கண்காட்சியில் பிரிட்டனின் சார்பில் பங்கேற்றவர். மறு ஆண்டே டர்னர் பரிசு பெற்றவர். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கண்ணாடி போல் பளபளக்கும் மாபெரும் அவரை விதை வடிவச் சிற்பத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதுவும் இவர் கைவண்ணமே.

சிலை என்றால் மேலே எழுந்து நிற்பது என்று பழகிய கண்ணுக்கு இது நேர்மாறு. இங்கே உயரமே இல்லை. கீழே போவது மட்டுமே உண்டு. நம் காலடித் தரை உறுதியானது என்ற நம்பிக்கையை அது மெல்ல ஆட்டி வைக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஓர் அடி பின்வாங்கினார்கள். நான் மட்டும் வெகுநேரம் அங்கே நிற்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26 காலையை நேரில் கண்ட தீவுக்காரன் எவனுக்கும் கரிய நீர் சுழல்வது வெறும் காட்சியாக இருக்க முடியாது. தரையும் கடலும் இடம் மாறிக்கொண்ட நாள் அது. சிற்பி நம் சுனாமியை நினைத்துச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. பார்ப்பவன் தன் வாழ்க்கையையும் கொண்டுபோய் அதில் இறக்கி வைக்க இடமிருந்தது என்பதையே சொல்கிறேன்.

உலக அரங்கில் இருவர்

இடத்தையும் அதிகாரத்தையும் பேசும் இத்தகைய சிற்பங்கள் உலகக் கண்காட்சிகளில் முன்பே பெயர் பெற்றவை என்பதை அறிந்து, கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். இரண்டை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

வெனிஸ் கண்காட்சியில் பல நாடுகளுக்குத் தனித்தனிக் கட்டடம் உண்டு. ஜெர்மனியின் கட்டடம் 1938-ல், ஹிட்லர் ஆட்சியில், மிடுக்கான தோற்றத்தோடு மாற்றிக் கட்டப்பட்டது. 1993-ல் ஜெர்மனியின் சார்பில் பங்கேற்ற ஹான்ஸ் ஹாக்கே என்பவர் என்ன செய்தார் தெரியுமா? உள்ளே சிலை எதையும் வைக்கவில்லை. தரையில் பதித்திருந்த கற்பலகைகளை உடைத்துப் பெயர்த்துப் போட்டுவிட்டார். 1934-ல் ஹிட்லர் அந்தக் கண்காட்சிக்கு வந்தபோது எடுத்த புகைப்படத்தை நுழைவாயிலில் மாட்டினார். உள்ளே சுவரில் 'ஜெர்மானியா' என்ற ஒரே சொல். வந்தவர்கள் உடைந்த பலகைகள்மேல் தடுமாறி நடக்க வேண்டியிருந்தது. அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் பலகைகள் கடகடவென்று ஒலித்தன. அவ்வாண்டின் தங்கச் சிங்கம் விருது, நாம் ஜூன் பைக் என்ற கலைஞருக்கும் அவருக்கும் சேர்த்து அந்தக் கட்டடத்துக்கே கிடைத்தது. தன் நாட்டின் குற்றத்தைத் தன் நாட்டுக் கட்டடத்திலேயே, அந்நாட்டின் சார்பாகவே எடுத்துக் காட்டியது பெரிய துணிவு அல்லவா?

மற்றொருவர் கொலம்பியா நாட்டுப் பெண் சிற்பி டோரிஸ் சால்செடோ. 2003-ல் இஸ்தான்புல் நகரக் கண்காட்சியின்போது, கடைத்தெருவில் இரு கட்டடங்களுக்கு நடுவே வீடு இடிந்து காலியாகக் கிடந்த மனையை அவர் தேர்ந்தெடுத்தார். அந்த இடைவெளி முழுவதையும் 1,550 மர நாற்காலிகளால் நிரப்பினார். ஒன்றன்மேல் ஒன்றாக, தாறுமாறாக, மாடி உயரத்துக்கு. ஆனால் தெருப்பக்கம் மட்டும் சுவர் போல் ஒரே மட்டம். நாற்காலி இருந்தால் அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்று பொருள். அத்தனை பேரும் எங்கே போனார்கள்? இடம் பெயர்ந்தவர்களையும் அடையாளமின்றிப் போனவர்களையும் நினைத்துச் செய்தது அது. அதன் படத்தைப் பார்த்தபோதும் எனக்கு ஆட்டுக்கற்களின் நினைவே வந்தது.

நம் ஊர்ச் சிறை சொல்லும் பாடம்

இத்தனையும் படித்துவிட்டு ஊர் திரும்பிய எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. இடத்தைக் கொண்டே மனிதனை ஆளும் வித்தையைப் பார்க்க வெனிஸுக்கும் கொச்சிக்கும் போக வேண்டுமா? லம்பா லைனிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாமே!

செல்லுலார் சிறைக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஊரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் அழைத்துப்போய் ஒலி-ஒளிக் காட்சி காட்டுவது நம் எல்லோர் வழக்கம்தானே. 2015-ல் சின்ன மாமாவையும் அத்தையையும் அழைத்துப்போனபோதுதான் கட்டடத்தைக் கட்டடமாகப் பார்த்தேன்.

வெனிஸில் கலைக் கண்காட்சி தொடங்கியதற்கு மறு ஆண்டு, 1896-ல், இங்கே சிறை கட்டத் தொடங்கினார்கள். 1906-ல் முடிந்தது. நடுவில் ஒரு கோபுரம்; அதிலிருந்து மிதிவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு கட்டட வரிசைகள்; ஒவ்வொன்றும் மூன்று மாடி; மொத்தம் ஏறத்தாழ 700 தனி அறைகள். ஒரு வரிசையின் முன்பக்கம் அடுத்த வரிசையின் முதுகைப் பார்த்திருக்கும். ஆகவே ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க வழியில்லை. சாளரம் தலைக்கு மேலே வெகு உயரத்தில். வெளித் தாழ்ப்பாள், கம்பிக்குள்ளிருந்து கை நீட்டினாலும் எட்டாதபடி சுவருக்குள் தள்ளிப் பதிக்கப்பட்டிருக்கிறது. நடுக்கோபுரத்துக் காவலாளிக்கு மட்டும் எல்லாப் பக்கமும் தெரியும்.

ஒரு சிலர் பலரைக் கண்காணிக்க வட்ட வடிவச் சிறையே ஏற்றது என்று ஜெரமி பெந்தம் என்ற ஆங்கிலேயர் 1791-லேயே நூல் எழுதியிருந்தார். கைதிகளைத் தனித்தனி அறையில் பிரித்து வைப்பது அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் இங்கிலாந்திலும் பரவிய முறை. அவையெல்லாம் கூடி இங்கே செங்கல்லாகி நின்றன. அடியும் சவுக்கும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் யாரும் அடிக்காத நேரத்திலும் அந்தச் சுவர்கள் வேலை செய்தன. மனிதனை மனிதனிடமிருந்து பிரிப்பதே அவற்றின் வேலை.

சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் தியாகிகளின் சிலைகள் இருக்கின்றன. 1933 உண்ணாவிரதத்தில் உயிர்நீத்த மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா போன்றோரை நாம் அங்கே வணங்குகிறோம். அது நம் கடமை. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? சிலைக்கு முன் நிற்கும்போது நாம் அண்ணாந்து பார்க்கிறோம். தியாகி நமக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றால், அவர் பட்டதில் ஒரு துளி நம் உடம்புக்கே தெரிகிறது. அன்று அத்தை அப்படி நின்றார். வெளியே வந்து, "மூச்சு முட்டுதுப்பா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அங்கே காட்சிக்கு வைத்துள்ள எண்ணெய்ச் செக்கைப் பாருங்கள். மாடு சுற்ற வேண்டிய செக்கை மனிதர்கள் சுற்றினார்கள். நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்ததும் செக்குதான். எந்தச் சிற்பியும் கைவைக்காத அந்தச் செக்கு, எந்தச் சிலைக்கும் குறையாமல் பேசுகிறது. இதைக் கொச்சியில் ஆட்டுக்கற்களைப் பார்த்தபின்தான் நான் உணர்ந்தேன்.

ஏழு வரிசைகளில் இன்று நிற்பவை மூன்றே. 1941 நிலநடுக்கம் ஒரு பகுதியைச் சிதைத்தது. ஜப்பானியர் காலத்தில் சில இடிக்கப்பட்டன. விடுதலைக்குப் பின்னும் இடிப்பு நடந்தது. அவ்விடத்தில் இன்று நாம் மருத்துவம் பார்க்கும் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை இருக்கிறது. முன்னாள் கைதிகள் குரல் எழுப்பியதால் எஞ்சியவை காக்கப்பட்டு, 1979 பிப்ரவரி 11-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் கையால் தேசிய நினைவகமாயின. இடித்த இடத்தில் நோயாளியின் கட்டில். இடிக்காத இடத்தில் நாட்டின் நினைவு. இரண்டும் தேவையே. ஆனால் குரல் கொடுக்க ஆள் இல்லாதிருந்தால் மூன்றும் மிஞ்சியிருக்காது என்பதை மறக்க வேண்டாம்.

நம்மவர் இருவர்

இந்தக் கலையில் தமிழர் யாரும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். திருவண்ணாமலையில் பிறந்து சென்னையில் கலை பயின்ற பெனித்தா பெர்சியாள் 2014 கொச்சிக் கண்காட்சியில் 'நம்பிக்கையின் நெருப்புகள்' என்று பொருள்படும் படைப்பை வைத்திருந்தார். ஏசுநாதர், சீடர்கள் போன்ற உருவங்கள். அவற்றைச் சாம்பிராணி, மரப்பட்டைத் தூள் முதலிய வாசனைப் பொருள்களால் செய்திருந்தார். மிளகுக் கிட்டங்கியாக இருந்த கட்டடத்தில் அவை இருந்தன. வாசலை நெருங்கும் முன்பே மணம் வந்து நம்மை அழைத்தது. கல்லும் வெண்கலமும் இடத்தை அடைத்துக்கொள்ளும். இவரது உருவங்களோ மணத்தால் அறையை நிறைத்தன.

மற்றவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் தா. சனாதனன். 2016 கண்காட்சியில் இவர் வைத்தது நூலகங்களில் இருக்கும் அட்டவணை அலமாரி. இழுப்பறைகளை இழுத்தால் உள்ளே அட்டைகள். அவற்றில் போர்க்காலத்தில் வாழ்ந்த மக்களின் கதைகள். நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொல்லக் கேட்டேன். 1981-ல் யாழ் நூலகம் எரிந்ததை அறிந்த தமிழர் எவருக்கும் அந்த அலமாரி வெறும் மரச்சாமானாகத் தெரியாது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும்

எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டால் நேர்மையாகாது. அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் கண்காட்சிகளுக்குள்ளும் அதிகாரம் இருக்கிறது. 2022 டிசம்பர் 12-ல் தொடங்க வேண்டிய கொச்சிக் கண்காட்சியின் முக்கியப் பகுதி கடைசி நேரத்தில் 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. பங்கேற்ற கலைஞர்கள் பலர் நிர்வாகக் குறைகளைச் சுட்டி வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். தவிரவும், ஏழைப் பெண்ணின் ஆட்டுக்கல் கலைப்பொருளானால் அதன் புகழ் யாருக்குப் போகிறது என்ற கேள்வியும் நியாயமானதே. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் அந்தக் கற்கள் அங்கே இல்லாதிருந்தால் நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

நாம் செய்யக்கூடியது

ஊர் திரும்பியதும் அந்த ஆட்டுக்கல்லைத் தேடி அலைந்தேன். டிப்பர் ஓட்டிய தம்பியைக் கண்டுபிடித்தேன். மண்ணைக் கொட்டிய மனையையும் காட்டினார். அங்கே அதற்குள் அஸ்திவாரம் எழும்பியிருந்தது. இப்போது அதன்மேல் இரண்டு மாடி வீடு நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போகிறேன். குழவி மட்டும் தப்பியது. தண்ணீர் டிரம்முக்கு முட்டுக் கொடுக்க அதை எடுத்து வைத்திருந்தாள் என் மனைவி. இன்று அது கூடத்தில் இருக்கிறது. பேத்தி அதைத் தூக்க முயன்று தோற்றுச் சிரிக்கிறாள்.

லம்பா லைன் இன்று வேறு ஊர். சிப்பி வடிவத்தில் அமைந்த விமான நிலையப் புது முனையம் 2023 ஜூலை 18-ல் திறக்கப்பட்டபின், உலகமே நம் வாசல் வழியாகத்தான் தீவுக்குள் வருகிறது. போர்ட் பிளேர் என்ற பெயரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. இடங்களுக்குப் பெயர் மாறும், கட்டடங்கள் மாறும். மஸ்தூர்களாக வந்து சாலை போட்டவர்களுக்கும், சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கையிலிருந்து திரும்பிக் கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறி, 2004-ல் சுனாமிக்கு ஆளான நம் மக்களுக்கும் எந்த நாற்சந்தியிலும் சிலை இல்லை. சிலை வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

கேட்பது இவ்வளவுதான். உங்கள் வீட்டுக் கொல்லையில் ஆட்டுக்கல்லோ, அம்மியோ, கப்பலில் வந்த தகரப் பெட்டியோ, ரப்பர் பால் பிடித்த சிரட்டையோ இருந்தால் இடிபாட்டோடு அனுப்பிவிடாதீர்கள். வருகிற பொங்கல் விழாவின்போது சங்கக் கட்டடத்தில் ஒரு நாள் அவற்றைத் தரையில் வரிசையாக வைப்போம். பீடம் வேண்டாம், மாலையும் வேண்டாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைப் புழங்கியவர் பெயரையும், எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டு வந்தார் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி வைத்தால் போதும். நம் பிள்ளைகள் அவற்றுக்கு நடுவே நடந்து பார்க்கட்டும்.

முதல் பொருளாக எங்கள் வீட்டுக் குழவியை நான் கொண்டுவருகிறேன். அதற்குப் பொருந்தும் கல் இல்லையே என்று யாராவது கேட்டால், அந்தக் கதையையும் சொல்கிறேன்.